இடது கதவில் ஒட்டிய கரி

பஸ் ஷெட்டின் ஷட்டர் அடிபட்டு வளைந்துவிட்டது, தட்டி நிமிர்த்தினால் போதுமா, புதிதாகவே மாட்டிவிடலாமா என்று இப்போது பஸ் கம்பெனியில் வேலை செய்கிற உங்களில் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். ஓய்வு பெற்றவனிடம் யோசனை கேட்பது தண்ணீர்ப் பந்தலில் போய்த் தாகம் என்று சொல்வது மாதிரி. ஒரு குவளை போதும் என்றாலும் விடமாட்டார்கள்.

ஆனால் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். பஸ் தொழிலில் முப்பத்துச் சொச்சம் வருஷம் இருந்தேன். கணக்கெழுதுகிற ரைட்டராகச் சேர்ந்து மேனேஜராக வெளியே வந்தேன். அத்தனை வருஷத்தில் கதவு சம்பந்தமாக நான் எடுத்த முடிவு ஒன்றே ஒன்று. அது முழுக்கத் தப்பு. சரியாக முடிவெடுத்தவன் மறுநாளே அதை மறந்துவிடுகிறான். தப்பாக எடுத்தவனுக்குத்தான் தேதி, கிழமை, அன்றைக்குச் சாப்பிட்ட குழம்பு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு.

இரண்டாவது உலக யுத்த காலம். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் எங்கள் ஷெட். ஷெட் என்றதும் நீங்கள் வேலை செய்கிற கூடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற குடோனாக இருந்தது. முதலாளி அதை வாங்கி உள்ளே ஒரு பஸ்ஸை விட்டார், பெயர் ஷெட் ஆகிவிட்டது. மூட்டைகள் போய்ப் பல வருஷம் ஆகியும் எலிகள் மட்டும் பழைய நம்பிக்கையில் வந்துபோய்க்கொண்டிருந்தன. குடோனுக்கு இருந்த இரட்டைக் கதவே ஷெட்டுக்கும் கதவு. ஒவ்வொன்றும் ஓர் ஆள் அகலத்துக்கு மூன்று மடங்கு. எல்லா வீட்டுக் கதவையும் போல உள்பக்கமாகத் திறக்கும். திறந்தால் இரண்டும் பக்கச் சுவரோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

முதலாளி திண்டிவனத்தில் இருந்தார். அவருடைய நான்கு பஸ்களில் ஒன்று செஞ்சியில் தங்கும். காலையில் திண்டிவனம் போய் வரும், மத்தியானம் அவலூர்பேட்டை போய் வரும், சாயங்காலம் ஷெட்டில் அடையும். டிரைவர் சவரிமுத்து நாற்பதைத் தாண்டியவர். பக்கத்துக் கிராமத்தில் மாதா கோயில் தெருவில் வீடு, கல்யாணத்துக்கு நிற்கிற இரண்டு பெண்கள். பதினாறு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். ரோட்டில் ஒரு கோழிக்குக் கூடத் தன்னால் வாழ்க்கையில் வருத்தம் ஏற்பட்டதில்லை என்று சொல்லிக்கொள்வார். நான் ரைட்டர். வயது இருபத்து நான்கு. டிக்கெட் புத்தகம், கரி மூட்டை, ஷெட்டுச் சாவி மூன்றும் என் பொறுப்பு. சாவியைப் பெரிய பொறுப்பாக நினைக்கவேண்டிய காலம் அது. யுத்தத்தில் டயர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பூட்டாத ஷெட்டில் பஸ்ஸை விட்டால் காலையில் நான்கு கல்லின் மேல் நிற்கும்.

என்னைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். மாதா மாதம் வருகிற துப்பறியும் நாவல் எதையும் நான் விட்டதில்லை. என் மேஜை இழுப்பறையில் எப்போதும் ஒரு கொலை நடந்துகொண்டிருக்கும். இது தவிர, கொஞ்சம் தருக்க சாஸ்திரமும் படித்திருந்தேன். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று அனுமானிக்க வேண்டும், இல்லையா? செஞ்சியைச் சுற்றி மலைக்குப் பஞ்சமில்லை. நான் தினம் ராஜகிரியைப் பார்த்து அனுமானம் பழகிக்கொண்டிருந்தேன்.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பாதி பஸ்கள் ஓடாமல் நின்றன. மீதிக்குக் கரி பிளாண்ட் மாட்டச் சொன்னார்கள். கரியை எரித்து அதில் வரும் வாயுவால் இஞ்சின் ஓடும். எங்கள் பஸ்ஸுக்கும் மாட்டவேண்டி வந்தபோது முதலாளி என்னைத்தான் மதராசுக்கு அனுப்பினார். ஒரு வாரம் தங்கி, மாட்டி முடித்ததும் கையெழுத்துப் போட்டு, பஸ்ஸோடு திரும்பி வந்தேன். பின்பக்கம் இடது மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு டிரம், வண்டிக்கு வெளியே இரண்டரை அடி துருத்திக்கொண்டு நின்றது. பஸ்ஸைப் பார்த்தால் முதுகுப் பக்கம் கர்ப்பம் தரித்தது போல இருக்கும். ஊரே வந்து பார்த்தது. நான் டிரம்மில் கை வைத்துக்கொண்டு, பிரசவம் பார்த்த டாக்டர் மாதிரி நின்றேன்.

அதற்குப் பிறகு பத்து நாள் நன்றாக மழை. அந்தப் பத்து நாளும் சாயங்காலம் ஷெட்டைப் பூட்டும்போது இடது கதவு சுலபமாக வரவில்லை. நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து, முதுகைக் கொடுத்துத் தள்ளுவேன். ஏதோ பிடிக்கும். இன்னும் அழுத்தித் தள்ளுவேன். கதவு முனகி, உரசி, கடைசியில் வழிவிடும். வலது பக்கமாக வெளியே வந்து அதையும் இழுத்துச் சாத்தி, சங்கிலி மாட்டிப் பூட்டுவேன். மழையில் மரம் ஊதியிருக்கிறது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டேன். படித்தவனுக்குக் காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆவதில்லை. பத்தாம் நாள் நான் தள்ளியபோது 'மடக்' என்று ஒரு சத்தம் கேட்டது, கதவு சட்டென்று வந்துவிட்டது. ஊதின மரம் இறங்கிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பூட்டைத் திறந்து தள்ளினால் இடது கதவு மேல் கீலிலிருந்து பிய்த்துக்கொண்டு கோணலாகத் தொங்கியது. நடுப்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்திருந்தது.

"இன்னா ரைட்டரே இது, கதவு பக்கவாதம் வந்தா மாதிரி நிக்குது?" என்றார் சவரிமுத்து.

நான் குனிந்து கதவைப் பார்த்தேன். நாவல்களில் துப்பறிகிறவர் உடனே பேசுவதில்லை. கதவின் வெளிப்புறத்தில், என் நெஞ்சு உயரத்தில், பிறை வடிவில் ஓர் ஆழமான காயம் இருந்தது. வெளிப்புறத்தில் அடி. ஆகவே அடித்தது வெளியே இருந்து வந்த பொருள். வெளியே இருந்து நேற்றுச் சாயங்காலம் ஷெட்டுக்குள் வந்த ஒரே கனமான பொருள் பஸ். பஸ்ஸை ஓட்டியவர் சவரிமுத்து. அவர் வண்டியை உள்ளே விடும்போது நான் பக்கத்து அறையில் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். ஆகவே எனக்குத் தெரியாது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. புகையும் இருந்தது, மலையும் இருந்தது.

முதலாளிக்குக் கடிதம் எழுதினேன். 'வாகனத்தை ஷெட்டினுள் செலுத்துகையில் ஓட்டுநரின் கவனக்குறைவால் இடப்புறக் கதவு பெருஞ்சேதமுற்றது. பழுதுபார்ப்பதில் பயனில்லை. புதுக் கதவு உடனடித் தேவை.' இந்த வாக்கியங்களை நான் இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டது உண்மை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, திண்டிவனம் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். எங்கள் வழக்கப்படி கம்பெனித் தபால் டிரைவரின் சட்டைப் பையில்தான் போகும். சவரிமுத்து அதை வாங்கி, மழையில் நனையாமல் இருக்கப் பையைக் கையால் மூடிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

அன்று மத்தியானமே பதிலும் அவர் பையிலேயே வந்தது. 'சனிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு விடுகிற ஸ்பெஷல் முடியும்வரை சவரிமுத்து ஓட்டட்டும். மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடு. கதவைப் பற்றி வெள்ளிக்கிழமை மத்தியானம் நேரில் வந்து பேசுகிறேன். ரிப்பேர் ஆகுமா ஆகாதா என்று தெரிந்தவனை வைத்துப் பார்த்து வை.'

வேலை போவது எந்தக் காலத்திலும் வேலை போவதுதான். ஆனால் அப்போது வண்டிகள் பாதி நின்றுபோய், திண்டிவனத்தில் மரத்தடி மரத்தடியாக டிரைவர்கள் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலும் வண்டியை இடித்தான் என்று பேர் வாங்கி வெளியே போகிறவனை இன்னொரு முதலாளி வாசலில் கூட நிறுத்தமாட்டார். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சவரிமுத்துவைக் கூப்பிட்டு, நான் எழுதியதைச் சொல்லி, முதலாளியின் பதிலையும் படித்துக் காட்டினேன்.

அவர் அந்தக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, திருப்பிக் கொடுத்தார்.

"நான் இடிச்சத நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கலண்ணே. ஆனா கதவு சொல்லுது."

"கதவு பேசுதா? ரொம்ப நல்லதாப் போச்சு. பதினாறு வருசத்துல நான் ஒரு நாளு உரசியிருக்கேனான்னு அதங்கிட்டயே கேட்டுச் சொல்லுங்க."

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. யாருக்கும் கை தவறும்."

"எனக்குத் தவறல. மாதா மேல ஆணையா சொல்றேன். வேல போனா போவுது, ரைட்டரே. ஷெட்டுக்குள்ள வண்டி உடத் தெரியாதவன்னு எழுதினியே, அத்தத்தான் தாங்க முடியல." அவர் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்தது அந்த வாக்கியத்தின் நடுவில்தான். அதற்குப் பிறகு திரும்பிப் போகவே இல்லை.

இடையில் இருந்த இரண்டு நாளை எப்படி ஓட்டினோம் என்று கேட்காதீர்கள். தொங்கின கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டோம். ஷெட் ஒரு பக்கம் திறந்து கிடந்தது. பகலில் கோட்டைக் குரங்குகள் வந்து கரி மூட்டையைக் கிழித்து, கிடைத்தது தின்னக்கூடியதில்லை என்று தெரிந்ததும் கோபித்துக்கொண்டு என் ரிஜிஸ்டர்களின் மேல் நடந்துவிட்டுப் போயின. ராத்திரியில் டயருக்குக் காவல் வேண்டும். யார் இருப்பது? சவரிமுத்துவே பஸ்ஸுக்குள் படுத்துக்கொண்டார். வேலையை விட்டு அனுப்புகிற ஆளையே காவலுக்கு வைத்த கம்பெனி எங்களுடையதாகத்தான் இருக்கும். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கொல்லுப்பட்டறை பாயைக் கூப்பிட்டேன். பட்டறை ஷெட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவருக்கும் என் வயதுதான். செஞ்சியில் பாதிக் கதவுகளுக்குக் கீல் அடித்தது அவர் குடும்பம். வாய் மட்டும் உலைக்களத்துக் குறடு போல, பிடித்தால் விடாது.

"பாய், ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். ரிப்பேரா, புதுசா? முதலாளி பன்னெண்டு மணிக்கு வர்றார்."

பாய் கதவைப் பார்க்கவில்லை. ஷெட்டைச் சுற்றிப் பார்த்தார். "பஸ் எங்க?"

"பஸ் திண்டிவனம் போயிருக்கு. கதவு இதோ இருக்கு. பஸ் எதுக்கு?"

"வயித்து வலின்னு வந்தவன்கிட்ட இன்னா சாப்ட்டேன்னு கேக்கக் கூடாதா?" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, பிறை வடிவக் காயத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலை எனக்குக் காட்டினார். கறுப்பு. "இது இன்னா, ரைட்டரே?"

"கரி. கரி பஸ் நிக்கற ஷெட்டுல மல்லிப்பூவா ஒட்டும்?"

"சரி. பஸ்ஸுக்குக் கரி மூஞ்சில இருக்குதா, முதுகுல இருக்குதா?"

"முதுகுல."

"உள்ள வரும்போது பஸ் மூஞ்சியால வருதா, முதுகால வருதா?"

நான் ஷெட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

பாய் எழுந்து காயத்தின் உயரத்தைத் தன் நெஞ்சோடு ஒப்பிட்டுக் காட்டினார். "பம்பர் முட்டிக்கு வருது. இது நெஞ்சுக்கு வருது. நெஞ்சு உயரத்துல உருண்டையா, கரியோட, பஸ்ஸுல இன்னா இருக்குது?"

"டிரம்மு."

"டிரம்மு நின்ன எடத்துல நிக்குது. அது வந்து இடிக்காது. அப்ப கதவுதான் போய் டிரம்ம இடிச்சிருக்குது. கதவத் தள்றது யாரு?"

நான் ஒரு கரித்துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளினேன்.

"யாருன்னு கேட்டேன்."

"நான்தான் பாய். தினமும். முதுகக் கொடுத்து."

அவர் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த இரண்டு குரங்குகள் இறங்கி ஓடின. நான் கதவின் பின்னால் நின்று தள்ளினதால், முன்னால் எது தடுக்கிறது என்பதைப் பத்து நாளில் ஒரு நாளும் பார்க்கவில்லை. டிரம் இரண்டரை அடி துருத்தினதால் கதவு வீசி மூட இடம் போதவில்லை. அதுவும் இரண்டு விரற்கடைதான் குறை. முழு அடி குறைந்திருந்தால் முதல் நாளே கதவு நின்றிருக்கும், எனக்கும் புத்தி வந்திருக்கும். இரண்டு விரற்கடை என்றால் பலம் போட்டால் நடந்துவிடுகிறது. தம்பிகளே, வேலையில் பெரிய இடைஞ்சல் உங்களைக் காப்பாற்றும். கொஞ்சம் அழுத்தினால் வழிவிடுகிற இடைஞ்சலைக் கண்டால் மட்டும் உடனே நின்று, அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். உங்கள் ஷட்டர் விஷயத்திலும் எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். வண்டி உள்ளே வருகிற நேரத்தில் போய் நின்று பார்க்காமல் நிமிர்த்தவும் வேண்டாம், புதிதாக மாட்டவும் வேண்டாம்.

மணி பதினொன்று. முதலாளி வர ஒரு மணி நேரம் இருந்தது. பாய் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இப்ப இன்னா எழுதப் போற? வேணும்னா மழையில மரம் ஊதிச்சு, கதவு தானா ஒடஞ்சுதுன்னு நான் சொல்லட்டுமா? சவரிக்கும் கஷ்டமில்ல, உனக்கும் கஷ்டமில்ல. மழை வந்து சாட்சி சொல்லவா போவுது?"

பொய்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய். உடனே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசை. நான் பாய் சொன்னதைத் தின்பண்டம் மாதிரி வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். ருசியாகத்தான் இருந்தது. பிறகுதான் மீதியும் தெரிந்தது. மழை உடைத்தது என்றால் முதலாளி புதுக் கதவு போடுவார். புதுக் கதவும் அதே அளவு, அதே பக்கம் திறக்கும். டிரம் அங்கேயேதான் இருக்கும். பத்து நாளில் அதுவும் பிளக்கும். அப்போது மழை இருக்காது. சவரிமுத்துதான் இருப்பார். ரிப்பேர் செய்தாலும் அதே கதைதான்.

"வேண்டாம் பாய்," என்றேன். "என் பேரத்தான் சொல்லியாகணும்."

"அடே! தேறிட்ட. உன் வேல போச்சுன்னா பட்டறைக்கு வா. துருத்தி ஊத ஆளு வேணும்."

பன்னிரண்டு மணிக்குப் பஸ் வந்தது. முதலாளி முன் சீட்டிலிருந்து இறங்கினார். பஞ்சகச்சமும் கோட்டும், கையில் குடை. சவரிமுத்து இறங்கித் தள்ளி நின்றுகொண்டார், யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னாய்யா, ரிப்பேரா புதுசா?"

"முதல்ல ஒண்ணு காட்டணுங்க. அண்ணே, வண்டிய வழக்கமா நிக்கற எடத்துல விடுங்க."

சவரிமுத்து வண்டியை உள்ளே விட்டார். மூக்கு எதிர்ச் சுவரை முத்தமிடாத குறையாகப் போய் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுச் சமையலறை. அதற்கு மேல் ஓர் அங்குலம் போனாலும் பஸ் அவர்கள் பந்தியில் உட்கார வேண்டியதுதான். நானும் பாயும் உடைந்த கதவைத் தூக்கி, கீழ்க் கீலில் பொருத்தி, மெதுவாகச் சாத்தினோம். கதவு வந்து டிரம்மில் இடித்து நின்றது. பிறை வடிவக் காயம், டிரம்மின் விளிம்பில் மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது.

முதலாளி குடையின் நுனியால் டிரம்மை ஒரு தட்டு, கதவை ஒரு தட்டுத் தட்டினார்.

"பிளாண்ட் மாட்டிக்கிட்டு வந்தது யாரு?"

"நான்தாங்க."

"ஷெட்ட அளந்து பார்த்தது?"

"யாரும் அளக்கலீங்க. அதுவும் நான்தான்."

"கதவத் தள்ளி ஒடச்சது?"

"நான்."

"இவன் ஒடச்சான்னு எழுதினது?"

"நான்தாங்க."

முதலாளி பாயைப் பார்த்தார், சவரிமுத்துவைப் பார்த்தார். "ஏன்யா, இந்த ஷெட்ல வேற யாரையும் இவன் ஒரு வேலையும் செய்ய உடறதில்லையா?"

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். அந்த இருமல் கொஞ்ச நேரம் நீடித்தது.

எனக்கு வேலை போகும் என்று நினைத்தேன். முதலாளி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை. பிறகு எப்போதாவது நான் பெரிய வாக்கியத்தில் எதையாவது எழுதி அனுப்பினால், 'அளந்து எழுதினாயா?' என்று ஓரத்தில் எழுதித் திருப்புவார், அவ்வளவுதான்.

"சரி, பாய், என்ன செய்யலாம்?"

"புதுசும் வேணாம், ரிப்பேர் மட்டும் செஞ்சாலும் ஆகாது. இந்தக் கதவையே திருப்பி மாட்டிடலாம். வெளிப்பக்கமாத் திறக்கட்டும். பிளந்த பலகையில குறுக்க ரெண்டு இரும்புப் பட்டை. நாளைக்குக் காலையில பூட்டிக் காட்டறேன்."

முதலாளியின் முகம் மாறிவிட்டது. "வெளிப்பக்கமாவா? அதெப்படி? வாசக்கதவு வெளிய திறந்தா லட்சுமி வெளிய போயிடுவா. எங்க ஊட்லயும் சரி, கடையிலயும் சரி, அப்படி ஒரு கதவு கெடயாது. அதெல்லாம் வேணாம். புதுசு வேணும்னா எங்கயாவது மரத்துக்குச் சொல்றேன்."

வாதம் செய்ய என்னிடம் இரண்டு சாஸ்திரம் இருந்தது. அந்த நேரத்தில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. பாய் கையை விரித்தார். அந்தத் தொழில் அவருடையது, அந்த லட்சுமி அவருடையவள் இல்லை. இத்தனை கஷ்டப்பட்டு உண்மையைச் சொல்லியும், மறுபடி ஒரு கதவு, மறுபடி அதே டிரம், மறுபடி யாரோ ஒருவர் மேல் பழி என்று ஆகிவிடும் போலிருந்தது.

அதுவரை வாயைத் திறக்காத சவரிமுத்து, டிரைவர் சீட்டிலிருந்தே தலையை நீட்டினார்.

"முதலாளி, ஊட்டு லட்சுமி ஊட்டுக்குள்ள இருக்கணும். நாயந்தான். நம்ம கம்பெனி லட்சுமி காலையில வெளிய போனாத்தான் சாயங்காலம் எதனா கொண்டாருவா. அவள உள்ளயே வெச்சுப் பூட்டினா நாளைக்கு மலையனூருக்கு யாரு போறது?"

முதலாளியின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. குடையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"திருப்பி மாட்டுய்யா, பாய். சவரி, நீ எறங்கி வா. நான் எழுதினத மறந்துடு. வேலையில இரு."

"இருக்கறேன், முதலாளி," என்றார் சவரிமுத்து. இறங்கவில்லை. "ஆனா அந்தக் காயிதம்?"

"கிழிச்சுப் போட்டுட்டாப் போச்சு." முதலாளி கோட்டுப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார்.

"கிழிக்காதீங்க. கிழிச்சா எழுதினது எழுதினதாவே போயிடும். ரைட்டரு அதுலயே திருத்தட்டும்."

என்ன திருத்த வேண்டும் என்று கேட்டேன். முழுவதையும் உரக்கப் படிக்கச் சொன்னார். அவலூர்பேட்டை போவதற்கு வந்து காத்திருந்த ஜனங்கள் பதினைந்து இருபது பேர் ஷெட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'வாகனத்தை ஷெட்டினுள் செலுத்துகையில்' என்ற வார்த்தைகளை அடிக்கச் சொன்னார். 'ஓட்டுநரின்' என்பதை அடித்து 'ரைட்டரின்' என்று போடச் சொன்னார். பிறகு மறுபடி படிக்கச் சொன்னார். 'ரைட்டரின் கவனக்குறைவால் இடப்புறக் கதவு பெருஞ்சேதமுற்றது' என்று படித்தேன்.

"மத்ததெல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க," என்றார். "அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் பகலுக்குள் பாய் சொன்னபடியே மாட்டிக் கொடுத்தார். பட்டை போட்ட கதவு பழையதைவிடக் கம்பீரமாக, சண்டையில் வென்றவன் மாதிரி இருந்தது. பஸ் நாலு தடவை மேல்மலையனூர் போய் வந்தது. கூரையிலும் ஆள். மழை விட்டிருந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம், பஸ் ஷெட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்தது. நான் மேஜையில் இருந்தேன். மறுபடி ஹாரன். எட்டிப் பார்த்தால் சவரிமுத்து ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, ரோடு பூராவும் கேட்கிற குரலில் கூப்பிட்டார். "ரைட்டரே! வந்து கதவப் புடி! நான் கவனக்குறைவான ஆளு, இடிச்சிடப் போறேன்!"

போய்ப் பிடித்தேன். மறுநாளும் கூப்பிட்டார். அதற்கடுத்த நாளும். வெளியே திறக்கிற கதவைக் காற்று அடித்துவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லதுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யுத்தம் முடிகிறவரை ஒரு நாள் தவறவில்லை. கடைத்தெருவில் இருந்தவர்கள் அந்தக் கூப்பாட்டை வைத்து மணி சொல்லிக்கொண்டார்கள். காய்ச்சலில் நான் படுத்திருந்த மூன்று நாளும் அவர் பஸ்ஸை வாசலிலேயே நிறுத்தி, ஹாரன் அடித்து, பதில் இல்லாததால் இறங்கித் தானே கதவைப் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே விட்டாராம்.

பெட்ரோல் மறுபடி கிடைக்க ஆரம்பித்ததும் டிரம்மைக் கழற்றிவிட்டார்கள். கழற்றின அன்று சாயங்காலம் நான் கூப்பாட்டுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்டதும் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சவரிமுத்து வண்டியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"இன்னாத்துக்கு நிக்கற? டிரம்முதான் போயிடுச்சே."

"பழக்கம்ணே."

"அளந்தியா?"

"அளந்தேண்ணே. பின்னால ஆறே கால் அடி இருக்கு."

அவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, என் கையிலிருந்த கதவை வாங்கிக்கொண்டார்.

"ஏறி உக்காரு," என்றார். "உள்ள நீ ஓட்டு. நான் புடிக்கறேன்."